சின்னத் துண்டு ஏன் நழுவுகிறது?

சிஎன்சி ரூட்டர் மேசையில் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைப் போட்டு வேக்குவம் பம்பை ஓடவிட்டால், அசைக்க முடியாது. பிடிப்பது பம்பு இல்லை, மேலே உள்ள காற்று. பாதி வெற்றிடம் இருந்தாலே ஷீட் முழுக்கச் சுமார் 15 டன் அழுத்தம். 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டுக்கோ 50 கிலோதான். அதுவும் கீழ்நோக்கி, பிட் தள்ளுவதோ பக்கவாட்டில். தடுப்பது வெறும் உராய்வு. போதாததற்கு, வெட்டிய கோடு வழியே காற்று கசியும்.

அதனால்தான் விவரமான ஆபரேட்டர், ஷீட் முழுசாக இருக்கும்போதே சின்னத் துண்டுகளை வெட்டுவார். அடியில் அரை மில்லி தோல் விட்டு, இரண்டாம் ஓட்டத்தில் அறுப்பார்.

கேபினட் பட்டறைக்கு மெஷின் வாங்குபவர்கள் ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட் என்றே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், கசிவிருந்தாலும் பம்பு மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றை இழுக்கும் என்பதுதான் முதல் கேள்வி.