அறக்கொடையும் அரசின் கணக்கும்: தஞ்சைச் சத்திரங்கள் தரும் பாடம்

சங்கங்களும் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் சட்டங்கள் திருச்சபை ஊழியருக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றுகின்றன. இச்சுமையின் வேரை அறியக் காவிரிப் படுகையின் வரலாற்றை நாம் நோக்குதல் நலம்.

தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் பல சத்திரங்களை நிறுவி, அவற்றிற்கு நன்செய் நிலங்களை மானியமாக விட்டனர். அவ்விளைச்சலால் வழிப்போக்கருக்கு அன்னமும், நோயாளருக்கு மருந்தும், சிறுவருக்குக் கல்வியும் கிடைத்தன. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் ஆதரவில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1801இல் ரெசிடெண்ட் டாரினுக்கு மடல் எழுதி, இவ்வறங்களைக் காக்குமாறு வேண்டினார்.

1817ஆம் ஆண்டின் சென்னை ஏழாம் ஒழுங்குவிதி, அறநிலங்களின் வருவாய் கொடையாளர் கருத்துக்கு மாறாகச் செலவாவதைக் காரணங்காட்டி, கோயில், மசூதி, சத்திரம், பாலம் ஆகியவற்றிற்கான கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் வழிபாட்டுத் தலங்களின் நிர்வாகத்தினின்று அரசை விலக்கியது. சத்திரம் போன்ற பொது அறங்களோ அரசின் பொறுப்பிலேயே நின்றன. கொடுத்தவர் கருத்தும் பெறுவோர் உரிமையும் காக்கப்பட வேண்டும் என்பதே இச்சட்டங்கள் கூறிய நியாயம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவும் இதனையே தழுவியது. பொது அறக்கட்டளையில் அக்கறையுடைய இருவர் முறைப்படி அனுமதி பெற்று வழக்குத் தொடுத்துக் கணக்குக் கேட்கலாம்.

எனினும், கணக்குக் கேட்பது வேறு, பணியைக் குறுக்குவது வேறு. 1976இல் பிறந்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக இயற்றப்பட்டது. நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் ஆண்டறிக்கை அளிக்க வேண்டும் என்னும் விதி நேர்மையாளருக்கு இடையூறன்று. 2020ஆம் ஆண்டுத் திருத்தமோ நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டினின்று 20 ஆகக் குறைத்தது; பெற்ற நன்கொடையைப் பிற நிறுவனங்களுக்குப் பகிர்தலையும் தடுத்தது. 2022இல் உச்சநீதிமன்றம் இத்திருத்தம் செல்லுமெனத் தீர்த்தது. பெரிய நிறுவனத்தின் வழியாக உதவி பெற்றுவந்த சிற்றூர் விடுதிகளுக்கும் மருந்தகங்களுக்கும் இதனால் நேரும் இடரை எடுத்துரைப்பது நம் கடமை.

கணக்கை ஒழுங்காக வைத்திருப்போரே அவ்வாறு துணிந்து பேசவியலும். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையில் எவரும் குற்றங்காணாதபடி பவுல் அப்போஸ்தலர் சகோதரரைத் துணைக்கொண்டார் (2 கொரி. 8:18–21). அறுப்பின் பண்டிகையில் ஒரு மரக்கால் நெல் கொணரும் கூலிப் பெண்ணும் ஒரு கொடையாளரே. அவருக்கு அரசாங்கப் படிவம் எதுவும் இல்லை. சபைக் கணக்கே அவருக்கு நாம் அளிக்கும் அறிக்கை. ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பேரேடு, கொடையின் நோக்கம் குறித்த ரசீது, சபையார் முன் ஆண்டுக்கொருமுறை வாசிக்கப்படும் தணிக்கை அறிக்கை ஆகிய மூன்றையும் ஆயர்கள் தம் சபைகளில் இவ்வாண்டே நிலைநிறுத்துவார்களாக.