அமுங்காத டச்பேட்

“லேப்டாப்பை அணைத்த பிறகு டச்பேடை அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. ஆன் செய்தால் ‘டக்’கென்று அமுங்குகிறது. பழுதா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பழுதில்லை. அவருடைய மேக்புக்கின் டச்பேட் ஆன் செய்திருக்கும்போதும் அமுங்குவதில்லை. 2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஃபோர்ஸ் டச் டச்பேடில் அமுங்கும் பொத்தானே கிடையாது. நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. விரல் போதிய அளவு அழுத்தியதும், அடியிலுள்ள மின்காந்தம் தகட்டைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுக்கிறது. விரலைத் தளர்த்தும்போது இன்னொரு வெடுக்கு. தகடு நகர்வது பக்கவாட்டில். விரலோ கீழே இறங்கியதாகச் சத்தியம் செய்கிறது!

காரணம் தோலுக்கடியில் இருக்கிறது. அங்கே வெங்காயம்போல அடுக்கடுக்காகச் சுற்றிய பசினியன் உணரிகள் உள்ளன. நொடிக்கு 200, 300 முறை துடிக்கும் அதிர்வை அவை அபாரமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் அதிர்வு எந்தத் திசையில் என்று பிரித்துச் சொல்வதில் மந்தம். நாம் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பது மூளைக்குத் தெரியும். எனவே அந்த அதிர்வையும் கீழ்நோக்கிய கணக்கிலேயே எழுதிவிடுகிறது.

பக்கவாட்டு விசை மேடு பள்ளத்தையே மாற்றிக் காட்டும் என்பதை 2001-இல் ரோப்லெஸ் டி லா டோரே, வின்சென்ட் ஹேவர்ட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாரம் எதிர்த்தால் மேடு, இழுத்துக்கொண்டு ஓடினால் இறக்கம். சமதரையில் யாரோ ஒருவர் கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுத்து, பிறகு முன்னால் தள்ளிவிட்டால்? பாலம் ஏறி இறங்கினேன் என்பீர்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பாலத்தின் உயரத்தைக்கூடச் சொல்வீர்கள். உண்மையான பள்ளத்தில் இறங்கும்போதே அவர் போதிய விசையுடன் இழுத்தால், அதையும் மேடு என்பீர்கள். அவர்களுடைய ஆய்வில் விரல்கள் சொன்னதும் அதைத்தான்: பள்ளத்தில் நகர்ந்துகொண்டே மேடு என்றன.

இப்படி அதிர்வால் கையோடு பேசும் கருவிகளின் வரலாறு சுருக்கமானது. 1976-இல் சேகாவின் மோட்டார் சைக்கிள் விளையாட்டில் கைப்பிடி அதிர்ந்தது. 1997-இல் நின்டெண்டோவின் ரம்பிள் பேக் வந்தது. பழைய செல்போனில் ஒருபக்கம் கனத்த எடையைச் சுழற்றும் மோட்டார் இருந்தது. அது ‘உர்ர்’ என்று கிளம்பி, மெதுவாக அடங்கும். ‘டக்’ என்று ஒரே சொடுக்கில் தொடங்கி நிற்க, எடையைச் சுழற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டும் புதுவகை மோட்டார் வர வேண்டியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு, திரையிலேயே பட்டுப்புடவையைத் தடவிப் பார்க்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பட்டு என்பது வழவழப்பு மட்டுமல்ல. அதன் குளிர்ச்சி, மடியும் விதம், இரு விரல்களுக்கிடையே நழுவுவது எல்லாம் சேர்ந்ததுதான் பட்டு. போனில் இருப்பதோ ஒரே மோட்டார். அது போன் முழுவதையும் சேர்த்தே உலுக்குகிறது.

ஆனால் அந்த ஒரு சொடுக்கு சிறிய விஷயமல்ல. பொத்தான் போன்களில் 5-ஆம் எண்ணின் மேல் ஒரு புள்ளி மேடாக இருந்தது. பார்வையற்ற நண்பர் ஒருவர் அதைத் தொட்டுத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார். தொடுதிரை வந்ததும் புள்ளி போய்விட்டது. இப்போது அவர் விரலை நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு குறியைத் தொடும்போதும் போன் துடிக்கிறது. என்ன குறி என்று குரல் சொல்கிறது. பேருந்து இரைச்சலில் குரல் கேட்காது. துடிப்பை மட்டும் எண்ணிக்கொண்டே நாலாவது குறிக்குப் போய், வீட்டுக்கு அழைக்கிறார்.