டாக்டர் ஓட்டின வண்டி!

பழைய கார் விற்கிறவர்கள் சொல்வதை நம்பினால், நம்ம ஊரில் டாக்டர்களைத் தவிர வேறு யாருமே கார் வைத்துக்கொள்வதில்லை. 'டாக்டர் ஓட்டின வண்டி சார்... சிங்கிள் ஓனர்... ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு...' அப்படியானால் அந்த டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எதில் போனார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புரோக்கர் கோபித்துக்கொள்வார்!

இந்த வசனத்துக்கு ஒரு கடைசி வரி உண்டு. 'சர்வீஸெல்லாம் பக்காவா பண்ணியிருக்கு சார்!' பணம் கொடுத்து, ஆர்.சி. பெயர் மாற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தின பிறகுதான் அந்த வரி நம்மைக் குடைய ஆரம்பிக்கும். பக்கா என்றால் எவ்வளவு பக்கா? யார் பண்ணினார்கள்? எப்போது?

நான் பி.காம். என்ஜினுக்கும் எனக்கும் உள்ள உறவு, பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் மரியாதையாகப் பார்த்துவிட்டு மூடுவதோடு சரி. ஆனால் ஆடிட்டிங் வகுப்பில் கற்ற ஒரு விஷயம் மறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை நம்பாதே, வவுச்சரைப் பார். வவுச்சரோடு நிற்காதே, கோடவுனுக்குப் போய் சரக்கை எண்ணு. போன மாதம் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். பேரத்தின்போதே, 'சர்வீஸ் செலவுக்கு' என்று 15,000 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தேன். வந்த வாரமே மூன்று படி ஆடிட்டை ஆரம்பித்தேன்.

முதல் படி, புத்தகம். சர்வீஸ் புக்கில் எட்டு சீல். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி ஐந்து சீலுக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. பல வருஷமாக ஒரே பேனா தீராமல் எழுதுகிறது என்றால், காரை விட்டுவிட்டு அந்தப் பேனாவைத்தான் வாங்கியிருக்க வேண்டும்! அதைவிட வேடிக்கை, அதில் ஒரு தேதி 11.4.2020. நாடே லாக்டவுனில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாள். பால் வாங்கப் போனவனையே போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்ட நேரத்தில், என் கார் மட்டும் போய் ஆயில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது!

இரண்டாவது படி, வவுச்சர். ஆர்.சி. நம் பெயருக்கு வந்ததும், அதை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய ரெக்கார்டு கேளுங்கள். பெரும்பாலும் வண்டி நம்பரையோ சேஸிஸ் நம்பரையோ தட்டினால் கம்ப்யூட்டரில் வந்துவிடும். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள்... எல்லாம் இருக்கும். என் வண்டிக்கு மூன்று ஃப்ரீ சர்வீஸ், காசு கொடுத்து ஒன்று. அதோடு 2019-ல் கணக்கு முடிந்தது.

இதற்காக விற்றவரைத் திட்ட வேண்டாம். ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் தெருமுனை மெக்கானிக்கிடம் போவது நம் தேசிய வழக்கம். அதில் தப்பே இல்லை. கைராசிக்கார மெக்கானிக் நூறு சீலுக்குச் சமம். ஆனால் அவர் மாற்றினதற்கு ஏதாவது ஒரு அத்தாட்சி வேண்டாமா? ஆயில் வாங்கின பில், ஃபில்டர் பில், ஒரு துண்டுச் சீட்டு?

பில் கிடைத்தால் முதலில் கிலோமீட்டரைப் பாருங்கள். 2021 பில்லில் 61,000 என்றும், இன்றைக்கு மீட்டரில் 48,000 என்றும் இருந்தால், வண்டி இடையில் ரிவர்ஸிலேயே ஓடியிருக்கிறது என்று அர்த்தம்!

மூன்றாவது படி, சரக்கை எண்ணுவது. வண்டியை சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறின பிறகு பானெட்டைத் திறங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் தேன் கலரில் இருந்தால் புதுசு. டீசல் வண்டியில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆயில் புதுசு என்பதோடு மயங்கிவிடாதீர்கள். விற்கிற அன்றைக்கு மாற்றின ஆயில், பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் போடுகிற பவுடர் மாதிரி. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்கள். கறுப்பாகக் களிம்பு அப்பியிருந்தால், பல காலம் ஆயில் மாற்றாத வண்டி.

கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ, பளிச்சென்று ஒரு கலர் இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பில் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர் இரண்டும் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள். ஏ.சி. ஃபில்டர் பல கார்களில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். என் வண்டியில் அதை உருவினபோது காய்ந்த வேப்பிலை, ஒரு பல்லி முட்டை, யாருடைய கல்யாணத்திலோ தூவின ஜிகினா எல்லாம் வந்தது.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரித்தது. 'போன வருஷம்தான் டயர் போட்டேன்' என்று சொன்னவரின் வாக்குமூலத்தை இதோடு ஒப்பிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். 'கார்தான் வந்துடுச்சே, இந்த ஞாயிறே போலாமே' என்றாள். அங்கே ஏறி இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஆயிலைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேராக பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். லேசான மஞ்சளில் இருக்க வேண்டியது, காப்பி டிகாக்ஷன் மாதிரி இருந்தது.

''இதை யாரும் தொட்டதே இல்லை தம்பி...''

''பிரேக் நல்லாத்தானே பிடிக்குதுண்ணே?''

''டவுனுக்குள்ள பிடிக்கும்.''

அவர் விளக்கினது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட்-4 ரகம் புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏற ஏற அது 155 டிகிரி பக்கம் இறங்கிவிடும். மலையிலிருந்து இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பழுக்கக் காயும். உள்ளே ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். அப்புறம் பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கால் தரைக்குப் போய்விடும்.

''என்ஜின் ஆயில் மாத்தலைன்னா என்ஜின் செத்துடும் தம்பி. இது மாத்தலைன்னா...'' என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் ஸ்பேனரைத் தேடினார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சமாச்சாரம் அது. என் வண்டி கம்ப்யூட்டர் ரெக்கார்டில் ஒருமுறைகூட இல்லை. அம்மாவின் பிரயாணத்தைத் தள்ளிப்போட்டேன்.

இன்னொரு ஆசாமியும் உண்டு, டைமிங் பெல்ட். சில என்ஜின்களில் இது ரப்பர் பெல்ட், சிலதில் செயின். உங்களுடையது எது, எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை வருஷத்தில் மாற்றணும் என்பதெல்லாம் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். பெல்ட் ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்கப்புறம் ரிப்பேர் பில்லைப் பார்த்தால் நமக்கு ஆக்ஸிஜன் வைக்க வேண்டும்.

ஆடிட் முடிவு? சிம்பிள். ஆதாரம் இல்லையா, நடக்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். 'பண்ணியிருப்பாங்க' என்பது செல்லாத வவுச்சர். நான் என்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் ப்ளக், முன்பக்க பிரேக் பேட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். 9,400 ரூபாய். கழித்துக்கொண்ட 15,000-ல் மிச்சமே இருக்கிறது. அன்றைய கிலோமீட்டரை நோட்டில் முதல் வரியாக எழுதினேன். இனி வண்டியின் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள் சார். பில்லையெல்லாம் ஒரு ஃபைலில் குத்திவையுங்கள். என்றைக்காவது வண்டியை விற்கும்போது அந்த ஃபைலை நீட்டினால் போதும். அன்றைக்கு நீங்கள் டாக்டராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை!