ஓடுதளமாக மாறும் விளைநிலம்: உளிக்கலப்பையே தீர்வு

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் மக்கள் நகரைக் காலி செய்தனர். அந்தப் போர்க்காலத்தில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சூலூர் ஆகிய இடங்கள் ராணுவ விமானங்களுக்கான தளங்களாயின.

1945-ல் போர் முடிந்தது. சூலூர் இன்றும் இந்திய விமானப் படையின் தளமாக உள்ளது. சோழவரம் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயத் திடலாக இருந்தது. செட்டிநாட்டு ஓடுதளம் அரசு கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கிறது. விமானங்கள் போய் 80 ஆண்டுகள் ஆகியும், இறுகிய ஓடுதளங்கள் மீண்டும் விளைநிலமாகவில்லை.

காரணம் எளிது. ஓடுதளம் போடும்போது சரளையும் ஜல்லியும் பரப்பி, கனத்த உருளையால் மண்ணை நெருக்கிவிடுவார்கள். மண்துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் புகும் துவாரங்கள் அடைபடும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

இதே நிலை, சிறிய அளவில், குமாரபாளையம் பகுதிச் செம்மண் காடுகளிலும் ஏற்படலாம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈரம் காயுமுன் டிராக்டரை இறக்குவதாலும் மேல்மண்ணுக்குக் கீழே கடினமான தட்டு உருவாகிறது. மேலே பார்த்தால் புழுதி பொலபொலவென்றுதான் இருக்கும். ஆனால் மழை பெய்தால் நீர் தேங்கும். சில நாள் வெயிலிலேயே பயிர் வாடும். மஞ்சளும் மரவள்ளிக் கிழங்கும் பருக்க இடமின்றிச் சிறுத்துப்போகும்.

சந்தேகம் இருந்தால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்க்கலாம். வேர்கள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அடிமண் இறுகிவிட்டது என்று பொருள்.

இதற்குக் கோடையில், மண் நன்கு காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஒரு முறையும், அதற்குக் குறுக்காக மறுமுறையும் ஆழமாக உழ வேண்டும். ஈரத்தில் உழுதால் தட்டு உடையாது. பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இட வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் போதும். உளிக்கலப்பை சொந்தமாக இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி வாடகைக்குக் கேட்கலாம்.

போர் இறுக்கிய நிலத்தை இனி விளைய வைப்பது கடினம். உழவு இறுக்கிய நிலத்தை ஒரு கோடையிலேயே திருத்திவிடலாம்.