கைதட்டலோடு முடிகிறதா டாக்டர்களின் தொடர் கல்வி?

இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் கரைசல் கொடுக்க வேண்டும். இது தெரியாத டாக்டர் இல்லை. ஆனால் சீட்டில் பல நேரம் ஆன்டிபயாடிக்தான் இருக்கிறது, ஓஆர்எஸ் இருப்பதில்லை.

ஏன்? கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், பட்டம் பெற்றும் பெறாமலும் தனியாக வைத்தியம் பார்க்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், குழந்தையின் வீட்டார்போல் நடித்தவர்களை ஆய்வாளர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2024இல் வெளிவந்த முடிவு திடுக்கிட வைக்கிறது. ஓஆர்எஸ் எழுதாமல் போவதில் 42 சதவீதம், 'வருகிறவர்கள் இதை விரும்ப மாட்டார்கள்' என்ற நினைப்பால் நேர்கிறது. பாக்கெட் கையிருப்பில் இல்லாதது 6 சதவீதம். மற்ற மருந்தில் கிடைக்கும் லாபம் வெறும் 5. வந்தவரே ஓஆர்எஸ் கேட்டபோது, எழுதுவது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

இந்த நினைப்பை எந்தக் கருத்தரங்கு மாற்றும்? ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி என்று இந்திய மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எண்ணப்படுவது அரங்கில் உட்கார்ந்த நேரம். மறுநாள் கிளினிக்கில் எழுதிய சீட்டு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 81 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் பார்த்தபோது, இத்தகைய கூட்டங்களால் நடைமுறையில் வந்த முன்னேற்றம் சுமார் 6 சதவீதப் புள்ளிகள்தான். புதிய சிகிச்சைகளை அறியக் கருத்தரங்குகள் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்; அதை யாரும் மறுக்கவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேறு வழியில் போனார்கள். ரத்தக்குழாயில் கதீட்டர் பொருத்தும்போது கை கழுவுவது, தோலைக் கிருமிநாசினியால் துடைப்பது என எல்லாருக்கும் தெரிந்த ஐந்தே விஷயங்கள். தேவையான பொருள்களை ஒரே வண்டியில் வைத்தார்கள். ஏதாவது ஒன்று விடுபட்டால் டாக்டரை நிறுத்தும் உரிமையை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். ரத்தக்குழாய்க் கதீட்டர் வழியே வரும் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது.

மீண்டும் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வருவோம். நம் கவலையெல்லாம் ஆன்டிபயாடிக்கைப் பற்றியது. வைரஸால் வந்த வயிற்றுப்போக்குக்கு அது எதுவும் செய்யாது. குடலில் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளை வளர்த்துவிடும். நாளை அதே குழந்தைக்கு நிமோனியா வந்தால் எந்த மருந்தைத் தேடுவது?

இங்கிலாந்தில் 2014இல், ஆன்டிபயாடிக் அதிகம் எழுதிய மருத்துவ மையங்களுக்கு ஒரு கடிதம் போனது: உங்கள் பகுதியில் 80 சதவீத மையங்கள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன. ஆறு மாதத்தில் 73,000க்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக் சீட்டுகள் குறைந்தன. அங்கே ஒவ்வொரு சீட்டும் பதிவாகிறது. இங்கே சின்ன கிளினிக்குகளில் எழுதும் சீட்டு, நகல்கூட இல்லாமல் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த நகலை வைப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.