தேய்ந்த பல்லுக்குப் புதிய மிளிரி

பலெர்மோ:

உடைந்த எலும்பு பொருந்துகின்றது. கிழிந்த தோல் ஆறுகின்றது. பல்லின் மேலுறையாகிய மிளிரி மட்டும் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனாமல் என நாம் பொதுவாகக் கூறும் இவ்வுறையே மனித உடலின் மிகக் கடினமான பொருளாகும். அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிப்பொருள். அதனை உருவாக்கும் கலங்கள், பல் முரசை விட்டு வெளிவரும் காலத்தோடு மறைந்துவிடுகின்றன. திருத்துவதற்குக் கலங்கள் எஞ்சியிராமையால், இழந்தது இழந்ததாகவே போகின்றது.

இக்குறையை நீக்கும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகின்றது. 2019 இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்சியம் பொஸ்பேற்றின் நுண்ணிய கொத்துகளைப் பல்லின் மீது இட்டு, மிளிரியின் பளிங்கமைப்புத் தொடர்ந்து வளருமாறு செய்தனர். ஆயினும் அப்படையின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்கைக்கூட எட்டவில்லை. 2022 இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து, சேர்க்கோனியம் ஒட்சைட்டுப் பூசிய நுண்கம்பிகளை அடுக்கி, கடினமும் நெகிழ்வும் ஒருங்கே கொண்ட செயற்கை மிளிரியை ஆக்கினர். 2025 இல் பிரித்தானியாவின் நொட்டிங்காம் பல்கலைக்கழகம் ஒரு புரதக் களியை அறிவித்தது. அது உமிழ்நீரிலுள்ள கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் ஈர்த்து, பல்லின் மீது புதிய பளிங்குகளை வளர்க்கின்றது. பிடுங்கிய பற்களில் அது வெற்றி தந்துள்ளது. வாயினுள் நீண்டகாலம் நிலைக்குமா என்பதை இனிவரும் சோதனைகளே காட்டவேண்டும்.

அதுவரை இருப்பதைக் காப்பதே வழி. அதற்கு உதவும் புளோரைட்டின் வரலாற்றில் இத்தாலியப் புலம்பெயர்ந்தோருக்கும் ஓர் இடமுண்டு. 1901 இல், அமெரிக்கா செல்லக் கப்பலேறவிருந்தோரை நேப்பிள்ஸ் நகரில் பரிசோதித்த அமெரிக்க வைத்தியர் ஈகர், சிலரது பற்களில் கருங்கறை படிந்திருப்பதைப் பதிவு செய்தார். இத்தகைய கறைக்குக் குடிநீரில் மிகுந்த புளோரைட்டே காரணம் என்பது 1931 இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. எமது தாயகத் தீவின் வரள்வலயத்தில், அநுராதபுரம் முதலிய இடங்களில் கிணற்றுநீர் அருந்தி வளர்ந்தோரிடமும் இக்கறையைக் காணலாம். எனினும், அளவோடு பயன்படும் புளோரைட்டு, கனிப்பொருளை இழக்கத் தொடங்கிய மிளிரியை மீள உறுதிப்படுத்துகின்றது. குழி விழுந்த பின்னரோ பற்பசையால் பயனில்லை; பல் வைத்தியரையே நாடவேண்டும்.

இங்குதான் எம்மவர் இடர்ப்படுகின்றனர். இத்தாலியில் பற்சிகிச்சையின் பெரும்பகுதி தனியாரிடமே உள்ளது. அதன் செலவுக்கு அஞ்சி, வலி பொறுக்கமுடியாதபோதே பலர் செல்கின்றனர். ஆனால் 14 வயது வரையான பிள்ளைகளின் பற்சுகாதாரம் பொதுச் சுகாதார சேவையின் பொறுப்புகளுள் ஒன்றாகும். அகதி விண்ணப்பம் செய்தோர் அச்சேவையில் பதிவு செய்யும் உரிமை உடையவர்கள். வதிவிடப் பத்திரம் அற்றோரும் எஸ்.டி.பி. எனப்படும் குறியீட்டெண்ணைப் பெற்று அவசர, அத்தியாவசிய சிகிச்சை பெறலாம். இவ்வுரிமைகளை அறியாது இருந்துவிடலாகாது.

வேலைக்கிடையே அடிக்கடி அருந்தும் சீனித் தேநீரையும், உறங்கும் குழந்தையின் வாயில் விடும் இனிப்புப் பாற்போத்தலையும் குறைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. இரவு படுக்குமுன் புளோரைட்டுப் பற்பசையால் பல் துலக்குவதற்கும் பெருஞ்செலவில்லை. ஆய்வுகூடத்து மிளிரி நாளை வரலாம். அது வரும்போது அதனைப் பூசுவதற்கு எமது பிள்ளைகளின் வாயில் பல் இருக்கவேண்டும்.