ரிப்போர்ட் போட்டதோடு நின்றுவிடாதீர்கள்

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகத்தில், அவர்களோடேயே தங்கி வேலை பார்க்கிறவள் நான். கிள்ளானிலிருந்து வருவார்கள், செந்தூலிலிருந்து வருவார்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து நடு இரவில் கிராப் பிடித்து வருவார்கள். வந்ததும் காயத்தைப் பார்ப்போம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்போம். அதற்கடுத்து நான் கேட்பது போலீஸ் ரிப்போர்ட். பெரும்பாலானவர்களிடம் அது இருக்கிறது. சிலரிடம் ஒன்றுக்கு மேலேயே இருக்கும், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, பிள்ளையின் கிளினிக் அட்டைக்குள் செருகி வைத்திருப்பார்கள். பிரித்து வாசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசி வரி ஒன்றேதான்: "உந்துக் ரெக்கோட் சஹாஜா." பதிவுக்காக மட்டும்.

தன் புகாரை விசாரிக்கவே வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடுகிறது அது. விசாரணைக் கோப்பு திறப்பதில்லை. அவளோ ரிப்போர்ட் போட்டாச்சு, போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போகிறாள். ரிப்போர்ட் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கணவனுக்குத் தைரியம் கூடுகிறது. அடுத்த அடி இன்னும் பலமாக விழுகிறது.

ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது நீங்கள் அல்ல, முகப்பில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர். நீங்கள் அழுதுகொண்டே கலப்பு மலாயில் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஐந்து வரியில் சுருக்குவார். "பெல்ட்டால் அடித்தார், கழுத்தை நெரித்தார்" என்று நீங்கள் சொன்னது காகிதத்தில் "கணவன் மனைவி வாய்த் தகராறு" என்று நிற்கும். கையெழுத்து போடும் முன் வாசியுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், அல்லது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எதனால் அடித்தார், உடம்பில் எங்கே பட்டது, பிள்ளைகள் பார்த்தார்களா, முன்பும் நடந்ததா, என்ன சொல்லி மிரட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி வரி, விசாரணை நடத்தவும் பாதுகாப்பு தரவும் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிய வேண்டும். திருத்தச் சொன்னால் போலீஸ்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் உதவி அமைப்பான டபிள்யூஏஓ 1982-இல் காப்பகம் தொடங்கியது. 1980-களின் நடுவிலிருந்து பெண்கள் இயக்கங்கள் சேர்ந்து குரல் கொடுத்ததில் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் இருசாராருக்கும் பொருந்தும். 2012-இலும் 2017-இலும் திருத்தப்பட்டது. அடி உதை மட்டுமல்ல, மிரட்டல், மன ரீதியான துன்புறுத்தல், உடைமையைப் பறித்தல், போனில் அசிங்கமான செய்தி அனுப்பி அவமானப்படுத்துதல் எல்லாம் இப்போது அதற்குள் வரும்.

சட்டம் தரும் பாதுகாப்பு உத்தரவுகள் மூன்று. நம் ஆட்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதால் இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள்.

இன்றிரவே ஆபத்து என்றால் அவசரப் பாதுகாப்பு உத்தரவு. இதைத் தருவது நீதிமன்றம் அல்ல, ஜேகேஎம் என்று நாம் சொல்லும் சமூக நல இலாகாவின் அதிகாரி. போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 7 நாள் செல்லும். அலுவலக நேரம் முடிந்துவிட்டால் தாலியான் காசே உதவி எண் 15999-ஐ அழைத்து, இந்த உத்தரவு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "உதவி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் ஆறுதல் வார்த்தையோடு முடிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு. போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு இது செல்லும். ரிப்போர்ட்டில் விசாரணை கேட்க வேண்டும் என்று நான் மாரடிப்பதற்குக் காரணமே இதுதான்: விசாரணை இல்லாவிட்டால் இந்த உத்தரவும் இல்லை. ரிப்போர்ட் போட்டதும் உங்கள் விசாரணை அதிகாரி யார் என்று கேட்டுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம், சமூக நல இலாகாவுக்கு அனுப்பும் கடிதத்தைக் கேளுங்கள். இந்தக் கடிதம்தான், இந்த "சூராட்"தான், எல்லாரும் கோட்டைவிடும் இடம். ரிப்போர்ட் நகலை மட்டும் தூக்கிக்கொண்டு நல இலாகாவுக்குப் போவார்கள், கடிதம் எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள், அலைந்து சலித்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கடிதத்தோடு உங்கள் வட்டார மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போனால், அங்குள்ள அதிகாரி உங்களை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவார். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

அங்கே இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பிள்ளைகளின் பெயரும் உத்தரவில் இருக்கிறதா பாருங்கள். உங்கள் வீடு, வேலையிடம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றை அவர் நெருங்கக் கூடாது என்றும் 50 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்டால்தான் எழுதுவார்கள். உடல் காயம் ஏற்படுத்தக்கூடியவர் என்று நீதிமன்றம் நம்பினால் கைது செய்யும் அதிகாரத்தையும் உத்தரவோடு சேர்க்கலாம். இதையும் நல அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு, உத்தரவு கணவர் கையில் சேர்ப்பிக்கப்பட்டதா என்று விசாரணை அதிகாரியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். தாள் அவர் கைக்குப் போய்ச் சேராதவரை, "எனக்குத் தெரியாது" என்று அவர் தப்பித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு உத்தரவு. கணவர் மீது குற்றம் சாட்டப்பட்ட பிறகு நீதிமன்றம் தருவது. 12 மாதம் வரை செல்லும், இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். வழக்கு தொடரப்போகிறோம் என்று போலீஸ் எழுத்தில் தெரிவித்தால், 7 நாளுக்குள் இதற்கு மனு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கையிலிருக்கும் இடைக்கால உத்தரவு காலாவதியாகிவிடும். அந்த 7 நாளை வீட்டுச் சமாதானப் பேச்சில் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உத்தரவை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது வன்முறையும் செய்தால் 4,000 ரிங்கிட், ஓராண்டு. வாசலில் வந்து நின்றார் என்றால் மீண்டும் ரிப்போர்ட் போடுங்கள். உத்தரவின் நகல் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும், போனில் படமும் இருக்கட்டும். சம்பவ இடத்துக்கு வரும் ரோந்து போலீஸ்காரருக்கு உங்கள் கதை தெரியாது, தாளைக் காட்டினால்தான் அவர் கை நகரும்.

"கோயில்ல தாலி கட்டினோம்க்கா, ரெஜிஸ்டர் பண்ணல. எனக்குச் சட்டம் இல்லதானே?" என்று தலை குனிந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது. சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் உங்களை மனைவியாகவே ஏற்கும். கோயில் ரசீது, கல்யாணப் படம், அழைப்பிதழ் எதுவானாலும் எடுத்து வாருங்கள். விவாகரத்துக்குத்தான் பதிவில்லாத கல்யாணம் சிக்கலாகும். அதற்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் தனியாக ஆலோசனை கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவு கேட்டால் தாலி அறுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: உத்தரவு வேறு, விவாகரத்து வேறு. ஒன்று கேட்டதால் மற்றது நடந்துவிடாது.

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் கட்டி வந்த பெண்களுக்கும் இதே சட்டம்தான். குடியுரிமையை அது கேட்பதில்லை. பாஸ்போர்ட்டைக் கணவர் பூட்டி வைத்திருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் படம் ஒன்று ஊரிலுள்ள தாயிடமோ தங்கையிடமோ இருப்பது நல்லது.

இனி, காவல் நிலையங்களில் சொல்லப்படும் சாக்குகள். "அடையாள அட்டையில் வேறு முகவரி இருக்கிறது, அங்கே போய்ப் போடு." எந்த நிலையத்திலும் ரிப்போர்ட் போடலாம். "ஹால் ருமா தங்கா, வீட்டு விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்." 2012 திருத்தத்துக்குப் பிறகு வீட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது, விசாரிக்க முழு அதிகாரம் போலீசுக்கு உண்டு. உங்களை மருத்துவமனைக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ கொண்டு சேர்ப்பதும், வீட்டிலிருந்து உடைமைகளை எடுக்கத் துணைக்கு வருவதும் சட்டம் அவர்களுக்கு விதித்த கடமை. அது சலுகை இல்லை. மறுத்தால் நிலையத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், மறுத்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் துறையின் நேர்மைப் பிரிவான ஜிப்ஸ் இருக்கிறது, 2023 முதல் செயல்படும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. எல்லா அதிகாரியும் அப்படியில்லை. பெண்கள், சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் டி11 பிரிவில் பொறுமையாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் முகப்பிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் கொடுமை.

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆகியவற்றின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி எனப்படும் தனிப் பிரிவு உண்டு. மருத்துவரும் சமூகப் பணியாளரும் அங்கேயே வந்து பார்ப்பார்கள். கூட வந்த கணவருக்கோ மாமியாருக்கோ பயந்து "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். டாக்டர் அதைத்தான் எழுதுவார். பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டப்போவதும் அதைத்தான். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

வீட்டை விட்டுப் புறப்படும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. "போகப்போகிறேன்" என்று சண்டையில் சவால் விடாதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மருந்து, வங்கி அட்டை ஆகியவற்றை அவர் கண்ணில் படாமல் எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள், பிறகு போலீஸ் துணையோடு எடுக்கலாம்.

காப்பகத்துக்கு வந்த பிறகும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. போனில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைக்க மாட்டார்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல் கணவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை அப்பாவுக்குப் படம் அனுப்பிவிடும், பின்னால் கடைப் பலகை தெரியும். காப்பகத்தின் முகவரி இரகசியமாக இருப்பது உங்களுக்காக மட்டுமல்ல, உள்ளே தூங்கும் மற்ற பெண்களுக்காகவும்தான். மனைவியைக் காணவில்லை என்று கணவன் போலீசில் புகார் கொடுப்பது வழக்கமான தந்திரம். போலீஸ் தேடினால் பயப்படாதீர்கள். வன்முறையால் நானாக வெளியேறினேன், முகவரியைச் சொல்லக் கூடாது என்று காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

பிறகு வரும் சமாதானத் தூது. கோயில் தலைவர், மாமா, சித்தப்பா எல்லாரும் வந்து, "ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ளம்மா, பையன் திருந்திட்டான்" என்பார்கள். புகார்க்காரியே பின்வாங்கினால், மேல்நடவடிக்கை இல்லை என்று போலீஸ் கோப்பை மூடிவிடக்கூடும். மூடிவிட்டதாக எழுத்தில் வந்தால் இடைக்கால உத்தரவும் அதோடு போய்விடும். திரும்பிப் போவதும் போகாததும் உங்கள் முடிவு. நான் யாரையும் பிடித்து வைப்பதில்லை. போவதானாலும் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள், மீட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், மீட்டுவிட்டுப் போகாதீர்கள். நியாயம் பேச வந்த மாமாவும் சித்தப்பாவும் இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒன்று. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மீது அவதூறு வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. "நமக்கெதுக்கு வம்பு" என்பதற்கு இனி சாக்கு கிடையாது.

உடனடி ஆபத்துக்கு 999. தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும். டபிள்யூஏஓ 03-3000 8858, வாட்ஸ்அப்பில் 018-988 8058. இவற்றைக் கணவர் பார்க்கும் போனில் "காப்பகம்" என்று பெயர் போட்டுச் சேமிக்காதீர்கள். மனப்பாடம் செய்யுங்கள், பேசத் தெரிந்த மூத்த பிள்ளைக்கும் 999 என்று சொல்லிக் கொடுங்கள்.